கோணல் கூடத்திலா, காலிலா?

ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஏரிப் பக்கம் ஒரு சாயங்காலம் சுற்றினால் பலூன் சுடும் கடை கண்ணில் படாமல் போகாது. ஒரு தட்டி, தட்டி முழுக்க வரிசையாகக் கலர் பலூன், முன்னால் ஒரு மேசை, மேசை மேல் பெயின்ட் உதிர்ந்த ஒரு ஏர்கன். அவ்வளவுதான் முதலீடு. குடும்பத்தோடு மலையேறி வந்த ஒரு மாப்பிள்ளை, மச்சினிச்சி பார்க்கிறாள் என்ற தெம்பில் பத்து ரவைக்குக் காசு கொடுப்பார். இரண்டு பலூன் உடையும். அதில் ஒன்று அவர் குறி வைக்காதது :-) உடனே துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ட்ரிகர் ரொம்ப டைட்டா இருக்குண்ணே, குறிக்கம்பியும் வளைஞ்சிருக்கு" என்பார். கடைக்காரர் வாக்குவாதமெல்லாம் செய்யமாட்டார். துப்பாக்கியை வாங்கி, மடக்கி, ஒரு ரவையைப் போட்டு, பாதி முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டே ஒரு பலூனை உடைப்பார். "அடுத்தது யாருங்க?"

மாப்பிள்ளை சொன்னது பொய் இல்லை. ட்ரிகர் டைட்தான், கம்பி வளைந்ததுதான். ஆனால் கடைக்காரர் சுட்டதும் அதே டைட் ட்ரிகரில், அதே வளைந்த கம்பியில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏரிக்கரையில் இந்தப் பழமொழிக்கு ஆகும் செலவு ஐம்பதோ நூறோ. அதே பழமொழி பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் என்ற போட்டி விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டால் விலை 40,000 ரூபாய். சமயத்தில் அதற்கு மேலும்.

விஷயம் இதுதான். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதுவரை கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு விளையாட்டுச் சாமானே நுழையாத வீடுகளிலும் பிஸ்டல் பேச்சு வந்தது. நல்ல விஷயம்தான். கூடவே வந்தது "எலக்ட்ரானிக் ட்ரிகர் இல்லாம இந்தக் காலத்துல முடியாது தம்பி" என்ற ஜல்லி. இந்த ஜல்லியை அடிப்பவர்கள் பெரும்பாலும் பத்து வருஷம் சுட்டவர்கள் இல்லை, பத்து மாசம் சுட்டவர்கள்!

சேர்வராயன் மலையில் ஒரு எஸ்டேட் ரைட்டர் வீட்டுப் பையன் என்று வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் பயிற்சி, திரும்ப அதே இருபது வளைவு ஏறி வீடு. இந்த மலையில் துப்பாக்கி என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம். காட்டுப் பன்றிக்குப் பயந்து வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி, உரிமம் இல்லாததை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது விடும் அறிவிப்பு, ஒப்படைக்காமல் மாட்டியவர்களைப் பற்றிப் பேப்பரில் வரும் நாலு வரிச் செய்தி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு அப்பா தன் பையன் கையில் பிஸ்டல் பெட்டியைக் கொடுத்து பஸ் ஏற்றுவதே பெரிய காரியம். (4.5 மில்லிமீட்டர் குழாய்க்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஆயுத விதிகளா தெரியும்?) அந்த அப்பா ஏற்கெனவே கடன் வாங்கி ஒரு போட்டி பிஸ்டல் வாங்கிக் கொடுத்தாயிற்று. வெளிநாட்டுச் சாமான், இறக்குமதி வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாண்டிய பில். இப்போது பையன் வந்து, "ட்ரிகர் சரியில்லப்பா" என்கிறான்.

அம்மாவின் சங்கிலி அடகுக் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கும் இடம் இது.

முதலில் ட்ரிகர் பற்றி ஒரு மூடநம்பிக்கை. விலை கூடிய ட்ரிகர் என்றால் லேசான ட்ரிகர், தொட்டாலே வெடிக்கும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். கிடையாது. சர்வதேச துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிப்படி பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் ட்ரிகரின் குறைந்தபட்ச எடை 500 கிராம். குழாயை மேல் நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து ட்ரிகரில் அந்த எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். விசை விழுந்துவிட்டால் துப்பாக்கி ஃபெயில். மளிகைக் கடை அரைக் கிலோ எடைக்கல் அளவு, அவ்வளவுதான். ஒலிம்பிக் சாம்பியனுக்கும் அரைக் கிலோதான், நேற்று சேர்ந்த பையனுக்கும் அரைக் கிலோதான். இரண்டு லட்ச ரூபாய் பிஸ்டலும் இந்த அரைக் கிலோவுக்குக் கீழே போக முடியாது. 25 மீட்டர் பிஸ்டலில் இன்னும் கூட, 1000 கிராம்.

அப்புறம் எலக்ட்ரானிக் ட்ரிகரில் என்னதான் வித்தியாசம்? மெக்கானிகல் ட்ரிகரில் இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். விரல் அழுத்தும்போது ஒன்று இன்னொன்றின் மேல் வழுக்கி விடுபடும். அந்த வழுக்கலில் ஒரு சொரசொரப்பு, ஒரு இழுவை இருக்கலாம். நல்ல போட்டி பிஸ்டலில் அது இருப்பதே தெரியாது, மட்டமான பிஸ்டலில் மண் ரோட்டில் மாட்டு வண்டி போன மாதிரி இருக்கும். எலக்ட்ரானிக்கில் விரல் செய்வது ஒரு சுவிட்ச் வேலை மட்டும். மீதியை பாட்டரியும் சோலினாய்டும் பார்த்துக்கொள்ளும். முதல் சுடுதலும் அறுபதாவது சுடுதலும் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கும். சொகுசுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் இது கடையில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் சாமான் என்று நினைத்தால் தப்பு. மொரினியில் சிஎம் 162 எம்ஐ என்றால் மெக்கானிகல், சிஎம் 162 இஐ என்றால் எலக்ட்ரானிக். ஸ்டெயரிலும் இதே மாதிரி எல்பி 10, எல்பி 10 இ. மாற வேண்டும் என்றால் பெரும்பாலும் பழையதை விற்று புதியதை வாங்க வேண்டும். இரண்டு மாடலுக்கும் நடுவில் சில நூறு யூரோ வித்தியாசம், யூரோ 90 ரூபாயைத் தாண்டியாகிவிட்டது, பழையதை விற்பதில் விழும் நஷ்டம் தனி. கணக்குக்காக 40,000 என்று வைத்துக்கொண்டால் அது குறைத்துச் சொன்ன கணக்குதான்.

இனி அந்த 40,000 எதை வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கொஞ்சம் அளவுகள் வேண்டும், பொறுமை.

பத்து மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும், பெல்லட்டின் குறுக்களவு 4.5. ஆக, பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி விழும் வரை பத்து. 16 மில்லிமீட்டர் வரை ஒன்பது. 24 வரை எட்டு. பிஸ்டலில் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே சுமார் முப்பது சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். இலக்கோ பத்து மீட்டரில். அதாவது முன்குறியில் நடக்கும் தப்பு இலக்கில் ஏறக்குறைய முப்பது மடங்காகப் போய் விழும். முன்குறி கால் மில்லிமீட்டர் விலகினாலே பத்தின் விளிம்பு. அரை மில்லிமீட்டர் விலகினால் ஒன்பதின் விளிம்பு. ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு. கிரெடிட் கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம் என்றால் புரிந்துகொள்ளலாம்!

எலக்ட்ரானிக் கட்சி குதிப்பதும் இந்த இடத்தில்தான். "பாத்தீங்களா, கால் மில்லிமீட்டர்! சொரசொர ட்ரிகர் அதை நகர்த்திடாதா?" நியாயமான கேள்வி. நகர்த்தும். மட்டமான ட்ரிகர் விரலைத் திணற வைக்கும், விரல் திணறினால் மணிக்கட்டு அசையும், மணிக்கட்டு அசைந்தால் முன்குறி போச்சு. அதோடு விடாது, இதோ இப்போ விழப்போகுது என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து பையன் பயந்து இழுக்கப் பழகிவிடுவான். அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது ட்ரிகரைக் கழற்றுவதை விடக் கஷ்டம். இவ்வளவும் உண்மை. ஆனால் ரைட்டர் வீட்டுப் பையனிடம் இருப்பது மட்டமான ட்ரிகர் இல்லையே? அது போட்டிக்கென்றே செய்த மெக்கானிகல் ட்ரிகர். அதில் எடை, முதல் கட்ட இழுவை, பிடிமானத்தின் ஆழம், விழுந்த பிறகு விரல் போகும் தூரம், ட்ரிகர் முன்னே பின்னே நிற்கும் இடம் என்று திருகாணி திருகாணியாக வைத்திருக்கிறான் கம்பெனிக்காரன். கூடவே ஒரு சின்ன ஸ்பேனர், ஒரு புத்தகம். இந்தத் திருகாணிகளில் ஒன்றைக்கூடத் தொடாமல், புத்தகத்தைப் பிரிக்காமல், "ட்ரிகர் சரியில்ல" என்று தீர்ப்பு எழுதிய பிள்ளைகள்தான் அதிகம்.

சரி, பையன் எவ்வளவு சுடுகிறான்? 60 சுடுதலில் 600-க்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப நிலைக்கு மோசமில்லை. சராசரி எட்டேகால் சொச்சம். அதாவது ஒவ்வொரு பெல்லட்டும் மையத்திலிருந்து சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. இதே பிஸ்டலை ஒரு வைஸில் இறுக்கிக் கட்டிச் சுட்டால் பெல்லட்டுகள் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போகும். போட்டி பிஸ்டலை அப்படிச் சோதித்துத்தான் விற்கிறார்கள், அந்தச் சோதனை அட்டையைப் பெட்டியிலேயே வைத்து அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. ஆக, துப்பாக்கியின் தப்பு சில மில்லிமீட்டர், பையனின் தப்பு இருபது மில்லிமீட்டர். இந்த இருபதில் தோள் நடுக்கம் எவ்வளவு, கைப்பிடி கோணல் எவ்வளவு, மூச்சு எவ்வளவு, கண் இலக்கைப் பார்த்து முன்குறியை மறந்தது எவ்வளவு, விரல் எவ்வளவு என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா? பார்க்காமல் 40,000-ஐ விரலின் பங்கில் மட்டும் கொட்டுவதை காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் யாராவது செய்தால் பாஸ் மார்க் தேறாது.

காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழத்தின் தோலை உரிக்க பல்பர் மிஷின் வேண்டும்தான். நல்ல பல்பர் நல்ல காப்பிக்கு உதவும்தான். ஆனால் செடியில் காய் பிடிக்காத வருஷத்தில், நிழல் மரம் கழிக்காமல், கவாத்து பண்ணாமல், காய்த்துளைப்பானைக் கண்டுகொள்ளாமல் புது பல்பர் வாங்கிவைத்தால் அந்த மிஷினில் என்ன போட்டு அரைப்பது, கடன் பத்திரத்தையா?

அந்த 40,000-க்கு வேறு என்ன கிடைக்கும் என்பதுதான் வாய்ப்புச் செலவு. பி.காம் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பெல்லட் டப்பா ஒன்றில் 500 இருக்கும். நல்ல பெல்லட்டாகவே டப்பா 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 40 டப்பா, 20,000 பெல்லட். தினம் நூறு சுட்டால் 200 நாள். ஒரு வருஷத்தில் பரீட்சை, மழை, காய்ச்சல், மாமா வீட்டுக் கல்யாணம் எல்லாம் கழித்தால் ஒரு மாணவனுக்குப் பயிற்சிக்கு மிஞ்சுவதே இருநூறு நாள்தான். ஆக, தராசின் ஒரு தட்டில் ஒரு சுவிட்ச், இன்னொரு தட்டில் முழுசாக ஒரு வருஷத்துப் பயிற்சி. இப்படி எழுதிப் பார்த்தால் கேள்வியே காமெடியாக இருக்கிறது. ஆனால் யாரும் இப்படி எழுதிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் ட்ரிகர் ஒரே பில்லில் வருகிறது, பெல்லட் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஒரே பில்லில் வருவதற்குத்தான் அப்பாக்கள் பாசமாகக் கடன் வாங்குவார்கள். "தினமும் நூறு பெல்லட் சுடணும், மாசம் இவ்வளவு ஆகும்" என்றால், "அதுக்குள்ள போன டப்பா தீந்துருச்சா?" என்று கேட்பதும் அதே அப்பாக்கள்தான்.

காசே ஆகாத விஷயங்களும் இருக்கின்றன, அவைதான் இன்னும் எரிச்சல். போட்டி ஏர் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அதை ஒரே கையில், உடம்பிலிருந்து நீட்டி, அறுபது தடவையும் அதற்கு முன் சோதனைச் சுடுதல்களும் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் சரியாக ஒரு கிலோ. தினம் ராத்திரி பாட்டிலை நீட்டிப் பிடித்து நிமிஷக் கணக்கில் நிற்க ஆகும் செலவு, அந்தத் தண்ணியைக் கடைசியில் குடிக்கும் செலவு மட்டும். வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் விடுவது, விடும் நொடியில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்ப்பது - இதற்கு ரேஞ்ச் வேண்டாம், பஸ் வேண்டாம், வீட்டு ஹால் போதும். கைப்பிடியில் உள்ளங்கை எங்கே இடைவெளி விடுகிறதோ அங்கே எம்-சீல் வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொருத்திக்கொள்வது இந்த நாட்டு ரேஞ்சுகளில் நடக்கிற வேலைதான். எம்-சீல் என்ன விலை என்று ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தண்ணி பாட்டில் பிடிக்கிறேன் என்று கல்லூரியில் சொன்னால் கெத்து இல்லை, எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் கெத்து. பாதி விற்பனை இந்தக் கெத்தில்தான் ஓடுகிறது.

எதிர்க்கட்சிக்கு மூன்று பெரிய பெயர்கள் கைவசம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலாவது டோக்கியோ. 2021 ஜூலை 25 அன்று தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறானது. காக்கிங் லீவர் உடைந்ததாக அணித் தரப்பில் சொன்னார்கள். சரி செய்து திரும்ப வருவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. மீதி நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டு 575, பன்னிரண்டாவது இடம். இறுதிச் சுற்றை விட்டது இரண்டே புள்ளியில். "பாத்தீங்களா, சாமான் எவ்வளவு முக்கியம்!" என்று இதைக் காட்டுகிறார்கள். சாமான் முக்கியம்தான், ஆனால் அங்கே சதி செய்தது மட்டமான ட்ரிகர் இல்லை, உலகின் நல்ல பிஸ்டல்களில் ஒன்று போட்டி நாளில் நின்றுபோனது. அந்தக் கதையிலிருந்து ஏற்காட்டுப் பையனுக்குப் பாடம் ஏதாவது இருந்தால் அது நேரெதிர்ப் பாடம். எலக்ட்ரானிக்ஸ் உள்ள துப்பாக்கிக்கு ஸ்விட்சர்லாந்திலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ பாகம் வர வேண்டும். ஜூன் தொடங்கி மூடுபனியில் வீட்டுப் பீரோவே பூஞ்சை பிடிக்கிற மலையில் அதை வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஒலிம்பிக் அணிக்குப் பக்கத்திலேயே பயிற்சியாளரும் மாற்றுத் துப்பாக்கியும் உண்டு. பையனுக்கு இரண்டாவது துப்பாக்கி எது?

இரண்டாவது அபினவ் பிந்த்ரா. 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம். அவர் ஒரு சின்ன விஷயத்தையும் விடாமல் மாற்றிப் பார்த்தவர், வீட்டிலேயே ரேஞ்ச் வைத்திருந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். சரிதான். ஆனால் தங்கம் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2006-ல், அவர் உலக சாம்பியன். கடைசி அரைப் புள்ளிக்காகச் செலவு செய்வதும் முதல் நூறு புள்ளிக்காகச் செலவு செய்வதும் ஒரே கணக்கா? பிந்த்ராவுக்கு மிச்சமிருந்தது அந்த அரைப் புள்ளி மட்டும். 500 சுடுகிற பையனுக்கு இன்னும் நூறு புள்ளி சும்மா கிடக்கிறது, தண்ணி பாட்டிலிலும் வெள்ளைச் சுவரிலும். அதே 2012 லண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய்குமாரின் பெயரை இந்தப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. அவர் அப்போது ராணுவ சுபேதார், ராணுவப் பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். கல்லூரி என்.சி.சி.க்கும் ராணுவ ரேஞ்சுக்கும் போகும் வழியில் அடகுக் கடை வராது என்பது ஒரு சௌகரியம்.

மூன்றாவது துருக்கிக்காரர், யூசுப் டிகெச். இவரைக் காட்டுவது அந்தக் கட்சி இல்லை, நேர் எதிர்க் கட்சி. 2024 ஜூலை 30, பாரிஸ், கலப்பு அணி. மனு-சரப்ஜோத் ஜோடி வெண்கலம் வாங்கிய அதே போட்டியில் இவர் ஷெவ்வால் இலாய்தா தர்ஹானோடு வெள்ளி. ஒரு கை பேன்ட் பாக்கெட்டில், சாதாரண மூக்குக் கண்ணாடி, மற்றவர்கள் மாட்டியிருந்த விசேஷ லென்ஸ், கண் மறைப்பு ஒன்றும் இல்லை. உலகமே படம் போட்டுக் கொண்டாடியது. "பாருங்கய்யா, சாமானே வேண்டாம்!" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இதுவும் மொக்கைதான். அவர் முகத்தில்தான் சாமான் இல்லை, கையில் இருந்தது முழுப் போட்டி பிஸ்டல். அதோடு அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக், 2008-லிருந்து போய்க்கொண்டிருக்கிறார், வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பாக்கெட்டில் கை விட்ட படத்தைப் பார்த்து ஸ்பிரிங் ஏர்கன்னோடு மாவட்டப் போட்டிக்குப் போனால் ஆப்புதான்.

நடுவில் இன்னொரு யோசனையும் காதில் விழுகிறது. "உள்ளூர்ல வேலை தெரிஞ்ச ஆள் இருக்காரு, அரம் போட்டு ட்ரிகரை லேசாக்கிக் குடுத்துடுவாரு, ஐந்நூறு ரூபாதான்." மலையில் நாட்டுத் துப்பாக்கி செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் இது சும்மா பேச்சும் இல்லை. ஏர் பிஸ்டலில் இதைச் செய்தால் அரைக் கிலோ சோதனையில் மாட்டி போட்டிக்கு வெளியே நிற்கலாம். நிஜத் தோட்டா போடும் .22 பிஸ்டலிலோ, தோட்ட முதலாளிகள் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் .32-லோ செய்தால் கதையே வேறு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாத ஆள் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே குற்றம். அது போக, பயத்தில் பிடிக்கும் துப்பாக்கிக்கு லேசான ட்ரிகர் எதற்கு? நியூயார்க் போலீஸ் தன் பிஸ்டல்களின் ட்ரிகரைப் பல வருஷம் வேண்டுமென்றே கனமாக, பன்னிரண்டு பவுண்டு அளவில் வைத்திருந்தது, தெரியாமல் வெடித்துவிடக் கூடாதே என்று. அதற்கும் விலை இருந்தது, கனமான ட்ரிகரில் குறி தவறுகிறது என்று அங்கேயே சண்டை. 2012-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முன்னால் போலீஸ் சுட்டதில் வழியில் நின்ற ஒன்பது பேர் காயம்பட்டபோது அந்தச் சண்டை இன்னும் பெரிதானது. ட்ரிகர் லேசோ கனமோ, அரத்தை வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

அப்படியானால் எலக்ட்ரானிக் ட்ரிகர் யாருக்குமே வேண்டாமா? வேண்டும், சிலருக்கு. யாருக்கு என்று கண்டுபிடிக்க ஏரிக்கரை பலூன் கடைக்காரர் ஒரு வழி காட்டியிருக்கிறார், பைசா செலவில்லாமல். பையன் தன் பிஸ்டலைப் பயிற்சியாளர் கையில் கொடுக்கட்டும். பத்து சுடுதல். எல்லாம் ஒன்பது, பத்தில் விழுந்தால் அந்தக் கேள்வி அன்றைக்கே முடிந்தது, அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பயிற்சியாளருக்கும் சிதறினால், "இதுல ஏதோ இடறுது" என்று அவரும் சொன்னால், முதலில் திருகாணி, பிறகு சர்வீஸ், அதற்கும் சரியாகவில்லை என்றால் ட்ரிகர் பேச்சை எடுக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு நண்பன் பிஸ்டலை நிரப்பிக் கொடுக்க வேண்டும், சில தடவை பெல்லட் போட்டு, சில தடவை போடாமல், சொல்லாமல். பெல்லட் இல்லாத தடவையும் முன்குறி துள்ளினால் துள்ள வைத்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாமல் நேராக விலைப்பட்டியலைப் பார்க்கும் பையனுக்குக் கடன் வாங்கிக் கொடுக்கும் அப்பா, மன்னிக்க வேண்டும், பாசம் காட்டவில்லை, தப்பித்துக்கொள்கிறார். இதை விற்பவரே பயிற்சியாளராகவும் இருந்துவிட்டால் சோதனையை வேறு ஒருவரிடம் வைத்துக்கொள்வது நல்லது :-)

565, 570 என்று மாசக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி பொருந்திவிட்டது, தோள் நிற்கிறது, நோட்டில் ஒவ்வொரு தப்பும் எழுதி வைத்திருக்கிறாள், பாதித் தப்பு கடைசி நொடி இழுவையில் என்று அந்த நோட்டே சொல்கிறது. டோக்கியோவில் 575-க்கும் 577-க்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய இரண்டு புள்ளிக்கு 40,000 கொடுப்பது ஏமாளித்தனம் இல்லை. அவளுக்கு சங்கமோ கல்லூரியோ ஸ்பான்சரோ பாதியாவது கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அவர்களைப் போட்டு உலுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கடன் வாங்கியாவது அவள் வாங்கட்டும். பையில் ஒரு மாற்று பாட்டரியும், பிஸ்டல் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையும் மறக்காமல் இருக்கட்டும். மேலே ஏறினால் மூடுபனி.